கச்சான் சரையும் எண்ணெய்க் குதங்களும்

திருகோணமலை என்றவுடன் எமது பத்திரிகைகளுக்கு நினைவில் எழுவன இயற்கைத் துறைமுகமும் சீனக்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களுந்தான். இவற்றைப் பற்றி முப்பது வருடங்களாக எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். ஆகையால் இங்கே சொல்லப்போகும் குற்றச்சாட்டில் முதலாவது எதிரியும் நானே.

அண்மையில், உப்புவெளியில் வசிக்கும் என் தங்கையின் அன்றாடப் பொழுதைப் பற்றிச் சிறு கட்டுரையொன்றை எழுதி, பழகிய ஆசிரியர் ஒருவருக்கு அனுப்பினேன். "மகளிர் பக்கத்தில் போடலாம், ஆனால் இதில் விஷயம் ஒன்றும் இல்லையே" என்று பதில் வந்தது.

விஷயம் இல்லையா? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின், மீன்காரரோடு சூடைக்குப் பேரம் பேசி முடித்து, பின்வாசற் படியில் ஒரு துண்டு பனங்கட்டியுடன் அவள் பிளேன்ரீ குடிப்பாள். அந்தக் கால் மணி நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அவளுக்குக் காது கேளாது. ஞாயிறு மாலையில் பிள்ளைகளோடு பஸ் ஏறி டச்சுக்குடாக் கடற்கரைக்குப் போவாள். பாயை விரித்து, செருப்பைக் கழற்றி, ஒரு சரை கச்சானை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் சில வேளை அந்தச் சரைக் கடதாசிக்கே போட்டிக்கு வந்துவிடும். வாரம் முழுவதும் எவருக்கோ எதையோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருத்தி, எவருக்கும் எதையும் கொடுக்காமல் இருக்கும் நேரம் அது.

அந்தக் கடற்கரையின் வரலாறு ஆசிரியருக்குத் தெரியாததல்ல. 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, காந்தி சிலையருகே உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்த மாணவர்கள் ஐவர் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொல்லிற்று. உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைப் படம்பிடித்துக் காட்டிய செய்தியாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24 ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். 2019 ஜூலையில், குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் நீதிமன்றம் விடுதலை செய்தது. கொல்லப்பட்டவர்கள் அங்கே செய்துகொண்டிருந்தது வேறொன்றுமல்ல. என் தங்கை இன்று செய்வதைத்தான். சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதன்பின் வருடக்கணக்காக எங்கள் வீட்டில் எவரும் மாலையில் அந்தப் பக்கம் போனதில்லை.

2022 ஜனவரியில் எண்ணெய்க் குதங்களைப் பங்கிடும் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இந்திய நிறுவனத்துக்கு 14, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61. பக்கம் பக்கமாக எழுதினோம். சில மாதங்களில், அக்குதங்களிலிருந்து சில மைல் தொலைவில், என் தங்கை காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றாள், விறகடுப்பு மூட்டினாள். பின்வாசற் படித் தேநீர் நின்றுபோயிற்று. அந்த மே மாதம், பதவி விலகிய பிரதமர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தஞ்சம் புகுந்தபோது, நான் தளத்து வாயிலைப் பற்றி எழுதினேன். வரிசையைப் பற்றி எழுதத் தோன்றவில்லை. துறைமுகம் என்றால் செய்தி, அடுப்பங்கரை என்றால் மகளிர் பக்கம் என்ற பாகுபாடு எனக்குள்ளும் அத்தனை ஆழமாக ஊறியிருந்தது.

இன்னொரு சாராரும் உளர். கடற்கரையில் தாய்மாரும் பிள்ளைகளும் சிரிப்பதைப் படம்பிடித்து, "இயல்பு நிலை திரும்பிவிட்டது" என்று அடிக்குறிப்பு எழுதுபவர்கள். முதலாமவருக்கு அவளுடைய சந்தோஷம் அற்பமானது. இவர்களுக்கு அது அத்தாட்சிப் பத்திரம். வீதியில் வாகனமொன்று வேகம் குறைத்தால் அவள் கை தன்னையறியாமல் பிள்ளையின் தோளைப் பற்றுவது அப்படத்தில் விழாது. அவள் சிரிப்பது இயல்பு நிலை திரும்பியதால் அன்று. பயத்தோடும் சிரிக்கப் பழகியிருக்கிறாள். அந்தப் பழக்கத்துக்கான பெருமையை எந்த அரசாங்கமும் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே ஆசிரியரிடம் நான் கேட்பது சலுகையல்ல. குதங்களின் எண்ணிக்கை முதற்பக்கத்துக்குரியதானால், அந்தக் கால் மணி நேரமும் அங்கேதான் வரவேண்டும். மகளிர் பக்கத்துக்கு இதை நான் தருவதாயில்லை.

தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். "ஐயோ அண்ணா, ஆக்கள் சிரிப்பினம்" என்றாள். சற்று யோசித்துவிட்டு, "எழுதுறதெண்டால் கச்சான் விலை ஏறினதையும் எழுதுங்கோ" என்றாள்.