விரல் பூட்டிக்கொள்வது வயதினால் மட்டுமா?

காலையில் எழும்பும்போது மோதிர விரல் மடங்கியபடியே நிற்கும். மற்றக் கையால் பிடித்து இழுத்தால் ‘டக்’கென்று நிமிரும். வருடக்கணக்கில் கொழுந்து பறித்த நம் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பனி, வாதம், வயசு என்று சொல்லி, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு பெரட்டுக்குப் போய்விடுகிறோம். டிஸ்பென்சரிக்குப் போனால் இரண்டு பெனடோல்.

குளிர் வலியைக் கூட்டலாம். ஆனால் விரல் பூட்டுவதற்குக் காரணம் வேறு. விரலை மடக்கும் தசைநாண் உள்ளங்கை வழியாக ஓர் உறைக்குள் ஓடுகிறது. நாள் முழுவதும் ஒரே விதமாக விரலை மடக்கினாலும், கவ்வாத்துக் கத்தியின் பிடியோ கொழுந்து வெட்டும் கத்தரியோ உள்ளங்கையை அழுத்திக்கொண்டே இருந்தாலும் உறை தடிக்கும். தசைநாணில் சிறு முடிச்சு விழும். அந்த முடிச்சு உறையின் வாயில் சிக்கும்போதுதான் விரல் பூட்டுகிறது. விரலின் அடியில், உள்ளங்கைப் பக்கம் தொட்டால் நோகும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். நிர்வாகம் இதைத்தான் முதலில் சொல்லும். சரி, சீனியையும் சோதிப்போம். ஆனால் சீனி உள்ளவருக்கு கிலோவைக் குறைத்த துரை யாராவது உண்டா? 2021இல் 1000 ரூபா நாட்சம்பளம் வந்த பிறகு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோ கூட்டப்பட்டதை நாம் மறக்கவில்லை. கூடிய ஒவ்வொரு கிலோவையும் பறித்தது இந்த விரல்கள்தான்.

கத்தி பட்டுக் காயமானால் விபத்தென்று எழுதி, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். மெதுமெதுவாகப் பூட்டிய விரலுக்கு விபத்து எந்தத் திகதியில் நடந்ததென்று எழுதுவது?

ஆகவே முதல் வலியிலேயே டிஸ்பென்சரிப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். ஓய்வும், இரவில் விரலை நீட்டி வைக்கும் பட்டையும் பலருக்குப் போதும். இல்லாவிட்டால் உறைக்குள் ஓர் ஊசி. அதற்கும் கேட்காவிட்டால் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து சின்ன ஒப்பரேசன். பயப்பட ஒன்றுமில்லை. விட்டுவைத்தால்தான் விரல் மடங்கியபடியே நின்றுவிடும். இரண்டு கை மூட்டுகளும் வீங்கி, காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விறைப்பு இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். அதற்குத் தாமதிக்கவே கூடாது.

ஓய்வெடு என்று டொக்டர் எழுதிக் கொடுத்தாலும் அரைப்பேர் போட்டால் யார்தான் ஓய்வெடுப்பார்கள்? கை தேறும்வரை இலேசான வேலை, அதற்கு முழுப்பேர். நமது கோரிக்கை இதுதான். தோட்டக் கமிட்டித் தலைவர்மார் தங்கள் டிவிசனில் விரல் பூட்டும் தொழிலாளரின் பெயர்களை, அவர்களின் சம்மதத்தோடு, எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும். அடுத்த முறை கிலோவைப் பற்றிப் பேசும்போது அந்தப் பட்டியலும் மேசையில் இருக்கட்டும்.