இல்லாத ஒரு முள்

டாஷ்போர்டில் வேகம் காட்ட ஒரு முள், ஆயில் அழுத்தத்துக்கு ஒன்று, இன்ஜின் சூட்டுக்கு ஒன்று, பேட்டரிக்கும் ஒன்று. ஆனால் 1998 நடுவிலிருந்து 2002 வரை அமெரிக்காவில் வந்த டாட்ஜ் ராம் டீசல் பிக்கப் டிரக்குகளில், அவசியமான ஒரு முள்ளை மட்டும் கம்பெனி வைக்கவில்லை. அது டீசல் அழுத்தம் காட்டும் முள்.

இந்த வண்டிகளில் இருப்பது கம்மின்ஸ் 5.9 லிட்டர், 24 வால்வு இன்ஜின். உழைப்பாளி இன்ஜின், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு டீசலை அளந்து கொடுக்கும் பாஷ் விபி44 பம்ப் கொஞ்சம் நோஞ்சான். தன் வழியே ஓடும் டீசலை வைத்துத்தான் அது தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறது, உராயாமல் காத்துக்கொள்கிறது. எனவே தேவைக்கு மேலேயே டீசல் வந்து, மிச்சம் டேங்குக்குத் திரும்ப வேண்டும். அப்படித் தள்ளிக் கொடுப்பது இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு சின்ன மின்சார லிஃப்ட் பம்ப்.

சிக்கல் இங்கேதான். லிஃப்ட் பம்ப் தளர்ந்தாலும் வண்டி ஓடும்! விபி44 தானே டீசலை உறிஞ்சிக்கொள்ளும். ஓட்டுபவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளே பம்ப் பட்டினியில் தேய்ந்துகொண்டிருக்கும். ஒரு நாள் பி0216 என்ற கோடு வரும். பெரும்பாலும் அதற்குப் பிறகு பம்பை மாற்றுவதுதான் வழி. அதற்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். பின்னால் டிரெய்லரோடு ஊரில்லாத சாலையில் நின்றுபோனால் அந்தச் செலவு தனி.

"அவசியம் என்றால் கம்பெனியே வைத்திருக்காதா?" என்று சிலர் கேட்கிறார்கள். கம்பெனி வைக்காததால் அவசியம் இல்லை என்று ஆகிவிடாது. முந்தைய 12 வால்வு இன்ஜினில் லிஃப்ட் பம்பை இன்ஜினே ஓட்டியது, டீசல் பம்பும் முரட்டுத்தனமானது. இரண்டும் மாறிய பிறகும் டாஷ்போர்டு மட்டும் பழைய நினைப்பிலேயே இருந்துவிட்டது.

"ஒரு எச்சரிக்கை விளக்கு போதாதா?" என்பது அடுத்த கேள்வி. விளக்கு அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும். முள்ளோ விழுந்துகொண்டிருப்பதைக் காட்டும். போன மாதம் 14 பிஎஸ்ஐ, இந்த மாதம் 11 என்றால் அதுவே ஒரு செய்தி. நிற்கும்போது சரியாக இருந்து மேட்டில் ஏறும்போது சரிந்தால், ஃபில்டர் அடைத்திருக்கலாம் அல்லது லிஃப்ட் பம்ப் சோர்ந்திருக்கலாம். முழுச் சுமையிலும் 10க்குக் கீழே இறங்கக்கூடாது என்பது இந்த வண்டிக்காரர்களின் கணக்கு.

ஆனால் அரைகுறையாக மாட்டுவதற்கு மாட்டாமலே இருக்கலாம். ஃபில்டருக்குப் பின்னால், விபி44 வாசலில்தான் அழுத்தத்தை எடுக்க வேண்டும். ஃபில்டருக்கு முன்னால் எடுத்தால் அடைப்பு தெரியாது. 0 முதல் 30 வரை காட்டும் மீட்டரே சரி. 100 வரை உள்ளதில் 3 பிஎஸ்ஐ சரிவு கண்ணுக்கே தெரியாது. டீசல் குழாயை நேராக கேபினுக்குள் கொண்டுவருவது ஆபத்து. வெளியே சென்சார் வைத்து, உள்ளே வயரை மட்டும் கொண்டுவருவதே நல்லது. அந்தச் சென்சாரையும் அழுத்தத்தின் துடிப்பு சீக்கிரம் கெடுத்துவிடும். நடுவே ஒரு ஊசி வால்வை வைத்து, லேசாக மட்டும் திறந்துவிட்டால் தாங்கும்.

மீட்டர் எதையும் ரிப்பேர் செய்யாது, உண்மைதான். விபி44 வேறு காரணங்களாலும் போகும். ஆனால் பட்டினியால் போவதையாவது தடுக்கலாமே! 2003 மாடலில் இந்த விபி44 போய் காமன் ரெயில் வந்துவிட்டது. பழைய வண்டிகள் இன்னும் சாலையில் இருக்கின்றன. அவற்றைச் செகண்ட்ஹேண்டில் வாங்குபவர் பெரிய டயருக்கும் புகைபோக்கிக்கும் செலவழிக்கும் முன் இந்த ஒரு முள்ளுக்குச் செலவழிப்பதே புத்திசாலித்தனம்.

மாட்டினால் மட்டும் போதாது. வேகத்தைப் பார்க்கும் கண் அதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.