செய்தி விலைப்பொருளா?

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுவதில்லை என்பது தமிழர் நாவில் பழகிய மொழி. மணமே அதன் விளம்பரம் என்பது கருத்து. ஆயினும் போட்டி மிகுந்த இற்றைநாள் வாணிகத்தில் பூக்கடைக்கும் விளம்பரம் வேண்டும், அதில் குற்றமில்லை. விளம்பரத்திற்குச் செய்தி என்று பெயர் சூட்டி, அதனை விலையின்றியோ கள்ள விலைக்கோ பெற முயல்வதே குற்றம். ஜொகூர் மாநிலத்துத் தமிழ் வணிகருள் ஒரு சாராரிடம் அம்முயற்சி வழக்கமாகவே வேரூன்றிவிட்டது.

சிகாமட்டில் ஆகட்டும், மூவாரில் ஆகட்டும், ஜொகூர் பாருவில் ஆகட்டும், கடைத் திறப்பு விழா என்றால் பெரும்பாலும் காட்சி ஒன்றே. வாயிலில் வாழைமரம், நாடாவை வெட்ட ஒரு பிரமுகர், அவருக்கு மாலை, பொன்னாடை. நிருபர் ஓரமாக நிற்கிறார். எத்தனை பேருக்கு இங்கே வேலை கிடைக்கும், பொருள் எங்கிருந்து வருகிறது, விலை என்ன என்று அவர் வினவினால் விடை சொல்ல எவருமில்லை. படம் பெரிதாக வரவேண்டும், நாளைக்கே வரவேண்டும் என்னும் கட்டளை ஒன்றே அவருக்குக் கிடைக்கும் தகவல். விடைபெறும்போது ஓர் உறை அவர் சட்டைப்பையில் திணிக்கப்படுகிறது. உள்ளே 50 வெள்ளி. அங்பாவ் என்பது அதன் செல்லப்பெயர். பெட்ரோல் செலவு என்பது அதன் நாகரிகப்பெயர். கையூட்டு என்பதே அதன் இயற்பெயர்.

“கொடுத்தால் என்ன தவறு? நிருபருக்கு ஊதியம் குறைவு, தம் சொந்தச் செலவில் அலைகிறார்” என்பர் சிலர். அந்த இரக்கம் உண்மையானதாயின், அது சென்று சேரவேண்டிய இடம் நாளிதழின் விளம்பரப் பிரிவே அன்றி நிருபரின் சட்டைப்பை அன்று. முறையாகக் கட்டிய விளம்பரக் கட்டணம் கணக்கில் ஏறும். அக்கணக்கிலிருந்தே நிருபரின் ஊதியமும் உயர முடியும். உறையில் வைத்த வெள்ளியால் இதழுக்கு ஒரு காசும் பயனில்லை. வணிகருக்கேனும் பயன் உண்டோ எனின், அதுவும் இல்லை. பணத்தால் வந்த புகழ் என்று வாசகன் அறிந்துகொண்டபின், நாளை அக்கடைமீது பொய்ப்புகார் எழுந்து, இதழ் மெய்யான மறுப்பை வெளியிட்டாலும் அவன் அதனை நம்பான்.

இந்நோய் இங்கு மட்டும் உள்ளதன்று. அண்டை நாடாகிய இந்தோனேசியாவில் இத்தகையோரைச் சுட்ட ‘வர்த்தாவான் அம்ப்லோப்’, அதாவது உறை நிருபர், என்னும் தொடரே வழங்குகிறது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது வேட்பாளர்களிடம் பணம் பெற்று அவர்தம் புகழுரைகளைச் செய்திபோல் வெளியிட்ட இழிவு வெளிப்பட்டு, 2010இல் அந்நாட்டுப் பத்திரிகை மன்றமே அதனைக் கண்டித்து அறிக்கை வெளியிட நேர்ந்தது. கடைத்தெருவில் சிறு உறையாகத் தொடங்குவது, தடுப்பாரின்றி வளர்ந்தால் எங்கே சென்று முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதற்கு நேர்மாறான வழி ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஐவி லீ என்பார் 1906ஆம் ஆண்டிலேயே அதனைக் காட்டினார். நிறுவனங்களுக்காக இதழ்களுடன் தொடர்பு கொள்வதைத் தொழிலாகக் கொண்ட அவர், தாம் தருவது விளம்பரமன்று, செய்தி என்றும், விளம்பரமென ஆசிரியர் கருதினால் அதனை வெளியிட வேண்டா என்றும் வெளிப்படையாக அறிவித்தார். அதே ஆண்டில் அட்லாண்டிக் சிட்டி அருகே தொடர்வண்டி ஒன்று பாலத்திலிருந்து நீரில் வீழ்ந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, விபத்தை மறைக்குமாறு அவர் நிறுவனத்திற்கு அறிவுரை கூறவில்லை. செய்தியாளரை அவ்விடத்திற்கே அழைத்துச் செல்லச் செய்தார். நல்ல நாளில் மட்டும் நிருபரைத் தேடி, கெட்ட நாளில் தொலைபேசியை எடுக்க மறுக்கும் வணிகர் கற்கவேண்டிய பாடம் இது.

விளம்பரம் செய்யப் பொருளில்லாத சிறுவணிகர் என்செய்வார் என்னும் வினா எழலாம். அவரிடம் பொருள் இல்லாவிடினும் செய்தி உண்டு. ஜொகூரில் பயிற்றுவித்த பணியாளர் சிங்கப்பூர் வெள்ளியை நாடிக் கடற்பாலம் கடந்து செல்லும்போது, உணவகம் நடத்துவோர் எவ்வாறு சமாளிக்கின்றனர்? தோட்டத்தில் பிறந்த இளைஞர் ஒருவர் பட்டறை வைக்க எவ்வாறு முதல் திரட்டினார்? பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைகளுக்கு அவர் தொழில் கற்றுத் தருகிறாரா? இவற்றை அறிய வாசகர் விரும்புவர். எழுத ஆசிரியரும் விரும்புவார். இதழ் அச்சேறும் நேரமறிந்து முன்னதாகவே தகவல் தருதல், பெயரும் தொகையும் பிழையின்றி எழுதித் தருதல், மிகைபடக் கூறாமை, எழுதியதைத் திருத்தும் உரிமை கோராமை ஆகிய நான்கும் இருந்தால் போதும், உறை வேண்டுவதில்லை.

இது வெறும் நாகரிகம் பற்றிய பேச்சன்று. உயிர் பற்றிய பேச்சு. 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய ‘தமிழ் நேசன்’ தொண்ணூறாண்டுக்கு மேல் வாழ்ந்து 2019இன் தொடக்கத்தில் மறைந்தது. நட்டமே அதனை வீழ்த்தியது. அன்று வருந்தி அறிக்கை விட்டோருள், ஆண்டுக்கு ஒரு விளம்பரமேனும் கட்டணம் செலுத்தித் தந்தவர் எத்தனை பேர்? இலவசமாய் வந்த தம் படங்களை வெட்டிச் சட்டமிட்டு மாட்டியவர் எத்தனை பேர்? எஞ்சிய நாளிதழ்களும் அவ்வழியே செல்லவேண்டுமோ?

இதில் தமிழ்ப்பள்ளிக்கும் பங்குண்டு. சிறு நன்கொடைக்குப் பெரிய மாதிரிக் காசோலை. அதன் பின்னே வெயிலில் வரிசையாய் நிற்கும் பிள்ளைகள். கொடுத்தவரை வள்ளலென வருணித்துச் செய்தி எழுதித் தரும் ஆசிரியர். பாரியும் காரியும் பெற்ற பெயரை இத்துணை மலிவாக வழங்கலாமா? வறுமை விளம்பரப் பொருளாவதை வாய்மூடி நின்று கற்கும் பிள்ளை, வளர்ந்தபின் எதனைப் பேணும்? ஆசிரியர் செய்யத்தக்கது வேறு. ஒரு நாளிதழை வகுப்பில் விரித்து, இது செய்தி, இது விளம்பரம், இது செய்தி வேடமிட்ட விளம்பரம் என்று பிரித்தறியக் கற்பித்தல் வேண்டும். அவ்வறிவு பெற்ற தலைமுறையை எந்த உறையும் ஏமாற்றாது.

வள்ளுவர் வாணிகருக்குரிய நெறியைப் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே நல்வாணிகம் என்பது அவர் காட்டும் நெறி. நாளிதழின் நம்பகம் வாசகனின் பொருள். அதனை 50 வெள்ளிக்கு விலை பேசுவோர் வாணிகமும் அறியார்; வள்ளுவமும் அறியார்.