பழைய அரங்கில் புதிய சட்டை

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில், அணி மாறிய வீரர் தம் பழைய அணியை எதிர்த்து ஆடும் நாளைக் காண்பதற்கென்றே சில ரசிகர்கள் ஊர்விட்டு ஊர் பயணம் செய்கிறார்கள். வீண் செலவு என்பார் பலர். நாம் அப்படி எண்ணவில்லை. அத்தனை தூரம் போய் அவரை ஏசிவிட்டு வருவதுதான் நமக்கு உடன்பாடில்லை.

வின்ஸ் கார்ட்டர் 1998இல் கனடாவின் டொராண்டோ அணியில் சேர்ந்தார். அவர் எம்பிப் பாய்ந்து பந்தைக் கூடையில் இடும் அழகில் அந்நாடே மயங்கியது. 2004 டிசம்பரில் அவர் நியூ ஜெர்சி அணிக்கு மாற்றப்பட்டார். மாற்றத்தை அவரே விரும்பினார் என்பதால் ரசிகர்களுக்குப் பெருங்கோபம். 2005 ஏப்ரலில் திரும்பி வந்தபோது, பந்தைத் தொட்டாலே கூச்சல்! அவரோ 39 புள்ளிகள் எடுத்தார். கோபம் ஒரு நாள் இருக்கலாம், பத்தாண்டுகளா? 2014 நவம்பரில் மெம்பிஸ் அணியோடு அவர் வந்தபோது, பழைய ஆட்டங்களைத் திரையில் காட்டினார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் அழுதுவிட்டார்.

லூக்கா டான்சிச்சோ தாமாகப் போகவே இல்லை. டல்லாஸ் நிர்வாகமே அவரை 2025 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. ஏப்ரலில் அவர் வந்தபோது டல்லாஸ் ரசிகர்கள் அவரை வாழ்த்தினர், நிர்வாகத்தைத்தான் ஏசினர். (இதுவன்றோ நியாயம்!) கண்ணைத் துடைத்துக்கொண்டு களம் இறங்கியவர் 45 புள்ளிகள் குவித்தார். டல்லாஸ் 97-112 எனத் தோற்றது. அன்று அந்த அரங்கிற்குப் பயணம் போனவர்களை நாம் சற்றுப் பொறாமையோடுதான் நினைக்கிறோம்.