விருந்தாளிக்குப் பில்லா?

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளெல்லாம் சத்திரமாகிவிடுகின்றன. வாசலில் செருப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்தாலே உள்ளே உலையில் எத்தனை படி அரிசி வேகிறது என்று சொல்லிவிடலாம்!

எதிர் வீட்டு மாமிக்குப் போன மே மாதம் ஒன்பது விருந்தாளிகள். பன்னிரண்டு நாள் தங்கினார்கள். அவர்கள் ரயிலேறிய மறுநாள் சாயங்காலம் நான் போனபோது, மாமி முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு கையில் செல்போன்.

"வாடியம்மா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. மாட்டுப்பொண் அனுப்பியிருக்கா. எல்லாம் இங்கிலீஷா இருக்கு" என்றாள்.

மாமியின் பிள்ளையும் மருமகளும் அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் இருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் பேரனை அழைத்துக்கொண்டு வயோமிங் மாகாணத்தில் ஒரு பண்ணை வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தார்கள். பரம்பரையாக ஒரே குடும்பம் நடத்தும் பண்ணை. மாடு, குதிரை, மலை, ஓடை எல்லாம் உண்டு. வந்து போனவர்களுக்கெல்லாம் பருவத்துக்கு ஒரு தடவை அந்த வீட்டு அம்மாள் கடிதம் எழுதுகிறாளாம். மருமகள் சேர்த்து வைத்திருந்த கடிதங்களில் இதுவும் ஒன்று; போன அக்டோபரில் எழுதியது.

படித்துச் சொன்னேன். மலையில் முதல் பனி விழுந்துவிட்டது; மேலே மேயப் போயிருந்த மாடுகள் இறங்கிவிட்டன; குதிரைகளுக்கு லாடத்தைக் கழற்றிக் குளிர்கால மேய்ச்சலுக்கு விட்டாகிவிட்டது; பெரிய பையன் மேல் படிப்புக்குப் போயிருக்கிறான், திரும்பி வருவானா என்று கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம்... இப்படியே போய், கடைசியில் மருமகளுக்கென்று தனியாக இரண்டு வரி. "உங்கள் பையன் சவாரி செய்த பெப்பருக்கு வயதாகிவிட்டது. அடுத்த வருஷம் முதல் அவன் முதுகில் யாரையும் ஏற்றப் போவதில்லை. வீட்டுக்குப் பின்னால் புல்வெளியில் சும்மா மேய்ந்துகொண்டிருப்பான். பையனிடம் சொல்லுங்கள்."

மாமி சற்று நேரம் பேசவில்லை. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இவ்வளவு பிரியமா எழுதறா. ஆனா ஒரு வாரத்துக்குப் பில் போட்டுக் காசு வாங்கியிருக்காளேடி! விருந்தாளின்னு சொல்லிண்டு கையை நீட்டலாமோ? அதுக்குப் பேர் ஹோட்டல்னா?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்திய ஒரு கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. உங்களுக்கும் சொல்கிறேன்.

பிட்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்த ஈட்டன் சகோதரர்கள் மூவர், ஹோவர்ட், வில்லிஸ், ஆல்டன் என்று பெயர். 1880-ஐ ஒட்டி மேற்கே டகோட்டா பிரதேசத்துக்குப் போய், மெடோரா என்ற ஊருக்குப் பக்கத்தில் மாட்டுப் பண்ணை வைத்தார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் மண் மேடும் புல்வெளியும்தான். ஹோவர்ட் தன் அநுபவங்களை ஊரிலுள்ள சிநேகிதர்களுக்குக் கடிதமாக எழுதினார். வந்தது வினை! சிநேகிதர்கள், சிநேகிதர்களின் சிநேகிதர்கள் என்று ஒவ்வொருவராக ரயிலேறி வர ஆரம்பித்துவிட்டார்கள். வந்தவர்கள் வாரக் கணக்கில் தங்கினார்கள். சாப்பாடு, குதிரை, படுக்கை எல்லாம் இலவசம். ஒரு வருஷத்தில் சும்மா போட்ட சாப்பாடு மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் என்று கணக்குப் பார்த்தார்கள் என்பது அங்கே வழங்கும் பேச்சு.

1882-ல் நியூயார்க் மாகாணத்திலிருந்து வந்த ஒருவருக்குத்தான் மனசு உறுத்தியது. "இன்னும் கொஞ்ச நாள் தங்க ஆசையாக இருக்கிறது. ஆனால் காசு வாங்கிக்கொண்டால்தான் தங்குவேன்" என்று பிடிவாதம் பிடித்தாராம். ஆக, முதல் பில்லைக் கேட்டது வீட்டுக்காரர்கள் அல்ல, விருந்தாளி!

நகரத்திலிருந்து பளபளவென்று உடுத்திக்கொண்டு வருகிறவர்களை அங்கே 'ட்யூட்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நம் ஊரில் 'பட்டணத்து மைனர்' என்கிறோமே, அந்த மாதிரி. அதனால் இப்படிப்பட்ட பண்ணைகளுக்கு 'ட்யூட் ராஞ்ச்' என்றே பெயர் வந்துவிட்டது.

அந்தப் பக்கத்தில் ஈட்டன் சகோதரர்களுக்கு அக்கம்பக்கத்தாராக இருந்தவர் ஓர் இளைஞர். 1884-ம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி, ஒரே நாளில், ஒரே வீட்டில், அவருடைய தாயாரும் இளம் மனைவியும் காலமானார்கள். துக்கத்தை ஆற்ற வழி தெரியாமல் அந்தப் புல்வெளிக்கு வந்து மாடு மேய்த்தார். பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட்தான் அவர். அந்த வெட்டவெளிக்கு ஏதோ ஒரு சக்தி இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் வெட்டவெளி பிழைப்புக்குப் போதுமா? 1886-ல் கோடை பொய்த்தது. புல் கருகிற்று. அதன் பின் வந்த குளிர்காலத்தில் புயலோடு பனி கொட்டி, மாடுகள் நின்ற நிலையிலேயே செத்தன. ரூஸ்வெல்ட்டின் மந்தையில் பாதிக்கு மேல் போய்விட்டது. பண்ணைக்காரர்கள் பலர் மூட்டை கட்டினார்கள். ஈட்டன் வீட்டாருக்கு மாடு ஒரு பக்கம் போனாலும் மனிதர்கள் இன்னொரு பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். 1904-ல் வயோமிங்கில் ஷெரிடன் ஊருக்கு அருகே, பிக்ஹார்ன் மலையடிவாரத்துக்கு இடம் பெயர்ந்து, தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழிலை நடத்தினார்கள். முதல் மகாயுத்தத்துக்குப் பிறகு மாட்டு விலை விழுந்தபோது மற்றப் பண்ணைக்காரர்களும் அதே வழிக்கு வந்தார்கள். 1926-ல் ரயில்வேக்காரர்களின் ஒத்தாசையோடு சங்கமே ஏற்பட்டது.

"அப்போ காசு வாங்கலேன்னா குடும்பமே நிலத்தை விட்டுப் போயிருக்கும்ங்கறே?" என்றாள் மாமி.

"ஆமாம் மாமி. அங்கே மழை எவ்வளவு தெரியுமோ? நம்ம சென்னையிலே வருஷத்துக்குச் சுமார் 55 அங்குலம். ஷெரிடனிலே சுமார் 14 அங்குலம்தான்!"

அந்த வீடுகளில் வருஷம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. குளிர்காலத்தில் விருந்தாளி கிடையாது. ஆனால் ஓய்வும் கிடையாது. ஒரு பசு நாளொன்றுக்குச் சுமார் 12 கிலோ காய்ந்த புல் தின்னும். நூறு பசு இருந்தால் தினம் 1,200 கிலோ. நாலு மாதம் பனி மூடிக் கிடந்தால் 144 டன்! அத்தனையும் போன கோடையில் அறுத்துக் கட்டி வைத்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விலைக்கு வாங்கியே திண்டாட வேண்டியதுதான்.

பிப்ரவரி, மார்ச்சில் பசுக்கள் கன்று போடும். வெளியே பனி. இரண்டு மணிக்கொரு தரம் விளக்கை எடுத்துக்கொண்டு யாராவது போய்ப் பார்க்க வேண்டும். குளிரில் விறைத்த கன்றைத் தூக்கிவந்து அடுப்பங்கரையில் கிடத்தித் துடைத்துச் சூடேற்றிச் சீம்பால் புகட்டுவது அங்கே சர்வ சாதாரணம். குளியல் தொட்டியில் வெந்நீர் விட்டு அதில் கன்றை உட்கார்த்தி வைப்பதும் உண்டு. பிரசவ வார்டு நடத்துவதும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான்!

வசந்தத்தில் குளிர்கால மேய்ச்சலிலிருந்து குதிரைகளை ஓட்டிவந்து, லாடம் அடித்து, மறந்துபோன பழக்கத்தையெல்லாம் நினைவூட்ட வேண்டும. பூட்டிக் கிடந்த மர வீடுகளைத் திறந்து, எலி கடித்ததை ஒட்டுப் போட்டு, ஜமுக்காளம் உதறி, குழாய்களைச் சரிபார்க்க வேண்டும். ஜூன் பிறந்தால் விருந்தாளிகள். செப்டம்பர் வரை ஓயாது. ஒரு கூட்டம் கிளம்பிய சூடு ஆறுவதற்குள் அடுத்த கூட்டம். இதற்கு நடுவே ஜூலையில் புல் அறுப்பு. ஆகஸ்டில் காட்டுத்தீயின் புகை மலையை மறைக்காமல் இருக்க வேண்டுமே என்ற கவலை.

இதற்காகச் சில இடங்களில் வாரத்துக்கு ஆளுக்கு இரண்டாயிரம், மூன்றாயிரம் டாலர்கூட வாங்குகிறார்கள். நம் பணத்தில் லட்சக் கணக்கு. கேட்டால் தலை சுற்றும். ஆனால் மாடும், புல்லும், சம்பளமும், வரியும் போனால் பெட்டியில் நிற்பது கொஞ்சம்தான். நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. நாலு பிள்ளைகள் இருந்து இருவர் "என் பாகத்தை விற்றுக் கொடு" என்றால் அத்தனை தலைமுறை உழைப்பும் வீட்டு மனையாகிவிடும். அதனால்தான் சில குடும்பங்கள், இந்த நிலத்தை என்றைக்கும் மனை போடுவதில்லை என்று சட்டப்படி எழுதிக் கொடுத்துவிடுகின்றன. அந்த அம்மாள், பையன் திரும்பி வருவானா என்று எழுதியிருந்தாளே, அந்த ஒரு வரியில் இவ்வளவும் அடக்கம்.

மாமி யோசித்தாள். "சரி, இவ்வளவு பணம் கொடுத்துண்டு போறவா அங்கே என்னதான் பண்றா?"

"வேலை பண்றா மாமி!"

உண்மைதான். குதிரையைத் தேய்த்துவிடக் கற்றுக்கொள்கிறார்கள். மாடுகளை ஒரு புல்வெளியிலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டிப் போகிறார்கள். மணி அடித்தால் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, பாத்திரத்தைக் கைமாற்றிக் கொடுத்துச் சாப்பிடுகிறார்கள். நகரத்தில் சொந்தத் தட்டை எடுக்காதவர்கூட அங்கே சேணத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். வந்தவுடன், 'குதிரை ஏறிப் பழக்கம் உண்டா, பயமா' என்று விசாரித்து, அவரவர் சுபாவத்துக்கேற்ற குதிரையைக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் வாரம் முழுவதும் அதே குதிரைதான். அதனால்தான் ஏழு வயதுப் பையனுக்குப் பெப்பரை மறக்க முடியவில்லை.

பெண்களுக்கும் அங்கே ஆரம்பத்திலிருந்தே இடமுண்டு. துப்பறியும் நாவல்கள் எழுதிப் புகழ்பெற்ற மேரி ராபர்ட்ஸ் ரைன்ஹார்ட் 1915-ல் ஹோவர்ட் ஈட்டனின் கோஷ்டியோடு குதிரையேறி க்ளேஷியர் மலைப் பிரதேசத்தைக் கடந்து, அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். மூன்று பிள்ளைகளுக்குத் தாயார் அவர்! பெண்களுக்கு 1869-லேயே வோட்டுரிமை கொடுத்த பிரதேசம் வயோமிங் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் எனக்கு அந்த இரண்டாயிரம் இலவசச் சாப்பாட்டு விஷயம்தான் மனசில் நின்றது. யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை எண்ணியிருக்கிறார் பாருங்கள்! எண்ணிய பிறகுதான் அது உழைப்பு என்று தெரிந்தது. நம் வீடுகளில் யார் எண்ணுகிறார்கள்? அன்பு என்று பெயர் வைத்துவிட்டால் முழங்கால் வலிகூட அதில் அடங்கிப்போகிறது.

இதைச் சொன்னதும் மாமி எழுந்துபோய், சுவரிலிருந்த தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தாள். ஒன்பது பேர், பன்னிரண்டு நாள், மூன்று வேளை. முந்நூற்று இருபத்து நாலு சாப்பாடு! காபி சேர்த்தியில்லை, ராத்திரி பத்து மணிக்குத் தோசை கேட்டதும் சேர்த்தியில்லை.

அந்தத் தாளை மாமாவிடம் நீட்டினாள். மாமா இரண்டு தடவை படித்தார். "இத்தனையா?" என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் தைல பாட்டிலை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். நாற்பத்தைந்து வருஷத்தில் இதுதான் முதல் தடவை என்று மாமி என்னிடம் பிற்பாடு சொன்னாள்.

விருந்தாளிக்குப் பில் போடச் சொல்கிறேனா? ஐயோ, வேண்டவே வேண்டாம்! மாமியும் போடமாட்டாள். "ஆனா, அந்த அம்மாள் கிட்டேயிருந்து ஒண்ணு கத்துண்டேண்டி" என்றாள். "காசு கொடுத்து வந்தவாளே வேலை பண்ணிட்டு, சந்தோஷமாப் போறா. நான் எல்லாரையும் 'நீங்க உக்காருங்கோ, உக்காருங்கோ'ன்னு சொல்லிச் சொல்லி, நான் மட்டும் நின்னுண்டே இருந்துட்டேன்."

இந்தத் தசராவுக்கு மைத்துனர் குடும்பம் வருகிறது. மாமி இப்போதே பட்டியல் போட்டுவிட்டாள். கறிகாய் நறுக்குவது மைத்துனர். காலைக் காபி அவர் பிள்ளை. தட்டு அலம்புவது குழந்தைகள், முறை வைத்து. மத்தியானம் இரண்டு முதல் நாலு வரை சமையலறை கதவு சாத்தியிருக்கும்.

இன்னொன்றும் செய்தாள். மருமகளைக் கொண்டு அந்தப் பண்ணை அம்மாளுக்கு ஒரு பதில் எழுதச் சொன்னாள். பெரிதாக ஒன்றுமில்லை. பெப்பர் சௌக்கியமா, பையன் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தானா, இரண்டே கேள்விதான். அவற்றுக்குப் பில் கிடையாது!