ஓட்டை என்பது தீர்ப்பன்று

“பூனைக்கு இதயத்தில் ஓட்டையாம். வளர்த்துப் பயனில்லை. சயனைட் மேட்டுப் பக்கம் விட்டுவிடுங்கள்.”

நந்திதுர்க்கில் எங்கள் லைன் வீட்டு வாசலில் சென்ற மாதம் நான் கேட்ட சொற்கள் இவை. மூன்று மாதக் குட்டி அது. தடுப்பூசிக்குக் கொண்டுபோன இடத்தில் ஸ்டெதஸ்கோப்பில் ஒரு முணுமுணுப்பு கேட்டிருக்கிறது. எக்கோ எடுக்கவில்லை, எந்தச் சுவரில் குறை, எவ்வளவு பெரிது என்பது எவருக்கும் தெரியாது. ஆயினும் தெருவே தீர்ப்பெழுதி முடித்துவிட்டது.

மொழியியல் படித்தவள் என்பதால் எனது முதல் வழக்கு அந்தச் சொல்லோடுதான். ‘ஓட்டை’ என்றதும் ஒழுகும் பானைதான் நினைவுக்கு வருகிறது. ஒழுகும் பானையை எறிவதே வழக்கம். உண்மை வேறு. கருவில் இதயம் ஒற்றைக் குழாயாகத் தொடங்குகிறது. பின்னர் இடைச்சுவர்கள் வளர்ந்து அதை அறைகளாகப் பிரிக்கின்றன. அச்சுவர் முழுமையாக வளராமல் நின்றுபோவதே இடைச்சுவர்க் குறை. பூனைகளின் பிறவி இதயக் குறைகளுள் கீழறை இடைச்சுவர்க் குறை அடிக்கடி காணப்படும் ஒன்று, மாடுகளிலும் அப்படியே. ஏன், பிறப்பதற்கு முன் நம் ஒவ்வொருவரின் மேலறைச் சுவரிலும் ஒரு திறப்பு இருந்தது. நுரையீரல் மூச்சு விடாத அந்நாள்களில் இரத்தம் அவ்வழியே கடந்துதான் நாம் உயிர் வளர்த்தோம்.

ஒலி பெரிதென்றால் நோயும் பெரிது என்பது அடுத்த அறியாமை. சிறிய துளையின் வழியே இரத்தம் பீறிடுவதால்தான் ஒலி உரக்கக் கேட்கிறது. பெரிய துளையில் இருபுற அழுத்தமும் நெருங்கி, ஒலி தணிந்தே இருக்கக்கூடும். மனிதரில் சிறு துளையோடும் பெரும் ஒலியோடும் நலமாக வாழ்வோர் உண்டு என்பதை ஹென்றி ரோஜர் 1879இலேயே எழுதிவிட்டார். எல்லாக் குறையும் தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. பெரிய குறையில் நுரையீரலுக்கு இரத்தம் மிகுந்து பாயும். இதயத்தின் இடப்பக்கம் வீங்கும். நுரையீரலில் நீர் கோக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிய அளந்து பார்க்க வேண்டும். அளக்காமல் எறிவது கொலை.

“மனிதருக்கே மருத்துவம் எட்டாத ஊரில் பூனைக்கு எக்கோவா?” என்று கேட்கிறார்கள். தங்கவயல்காரர் கேட்கக்கூடாத கேள்வி இது. 1940 முதல் 1946 வரை இவ்வயல் தொழிலாளர் 7653 பேரைப் பரிசோதித்தபோது 3402 பேரிடம் சிலிக்கோசிஸ் கண்டறியப்பட்டது. பரிசோதித்ததால் அது கணக்கில் ஏறியது. இல்லையேல் வெறும் இருமலாகவே புதைந்திருக்கும். ‘இனிப் பயனில்லை’ என்ற கணக்கோடுதான் 2001இல் சுரங்கமும் மூடப்பட்டது. அந்தச் சொல்லின் சூடு நம் பாட்டன்மாருக்கும் அப்பன்மாருக்கும் தெரியும். அதையே நாம் ஒரு குட்டியின் மேல் எறியலாமா?

நான் அறுவை சிகிச்சை கேட்கவில்லை; திறந்த இதய அறுவை நம் கைக்கு எட்டாது. கேட்பது இவ்வளவே. தீர்ப்புக்கு முன் ஒருமுறை எக்கோ; மாரிக்குப்பத்தில் ரயிலேறினால் பெங்களூரு. உறங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். தொடர்ந்து 30ஐத் தாண்டினால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். கருத்தடைக்கு மயக்கமருந்து தருமுன் இதயக் குறையைச் சொல்லுங்கள். குறையுள்ள விலங்கைக் குட்டி போட விடாதீர்கள். கீஷாண்ட் நாய்களில் இத்தகைய குறைகள் பரம்பரையாக இறங்குவது நிறுவப்பட்ட செய்தி. பெர்சியன் குட்டியை ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்பவரிடம், “இதயத்தைக் கேட்டீர்களா?” என்று துணிந்து வினவுங்கள்.

ஓட்டைக் காலணா புழங்கிய நாடு இது. நடுவில் துளை இருந்ததால் அது செல்லாது என்று எந்தக் கடைக்காரரும் திருப்பித் தந்ததில்லை.

குட்டி இப்போது என் மேசையடியில் உறங்குகிறது. நிமிடத்துக்கு 24. அடுத்த வாரம் ரயிலேறுகிறோம்.