லாரி 8½ அடி; வைக்கோல் 12½ அடி! 20 ஆயிரம் அபராதம் யார் தலையில்?

ராத்திரி நேரம். முன்னால் ஒரு லாரி போகிறது. பின்பக்கம் இரண்டு சிவப்பு விளக்கு. 'வண்டி அவ்வளவுதான்' என்று கணக்குப் போட்டு மோட்டார் சைக்கிள்காரர் வலதுபக்கமாக முந்துகிறார். விளக்குக்கு வெளியே, இருட்டில், இன்னும் 2 அடிக்கு வைக்கோல் பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. அது அவர் கண்ணுக்குத் தெரியாது. தோளில் இடித்த பிறகுதான் தெரியும்!

சம்பா அறுவடை முடிந்தால் தஞ்சை, திருவாரூர், நாகை ரோடுகளில் இது வாடிக்கை. அங்கிருந்து கொங்கு நாட்டு மாட்டுத் தொழுவங்களுக்கும் கேரளாவுக்கும் வைக்கோல் போகிறது. வைக்கோல் கனமில்லாத சரக்கு. எடை ஏறுவதற்குள் வண்டி நிரம்பிவிடும். ஒரு நடையில் நாலு காசு மிஞ்ச வேண்டுமென்றால் மேலேயும் பக்கவாட்டிலும் அடுக்க வேண்டியதுதான் என்பது வியாபாரிகள் கணக்கு.

உயரமாக அடுக்கினால் மின்கம்பியே தண்டனை கொடுத்துவிடுகிறது. கம்பி உரசி வைக்கோல் லாரி எரிந்த செய்தி பத்திரிகைக்குப் புதிதல்ல. அகலமாக அடுக்கினால்? தண்டனை எதிரே வருகிறவனுக்கு!

மஞ்சள்-கறுப்புப் பட்டை

லாரியோ பஸ்சோ, எதுவானாலும் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 93-வது விதி. அதாவது 8½ அடி. பக்கக் கண்ணாடி இதில் சேராது.

பொக்லைன் போன்ற கட்டுமான எந்திரங்களுக்கு மட்டும் 3 மீட்டர் வரை சலுகை. அதையும் சும்மா விடவில்லை. 2.6 மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில், முன்னும் பின்னும் மஞ்சள்-கறுப்புப் பட்டை அடித்திருக்க வேண்டும். 'இவ்வளவு தூரம் வெளியே வருகிறது, ஒதுங்கு' என்று எதிரே வருகிறவருக்கு அது சொல்லும். வைக்கோலுக்கு யார் பட்டை அடிப்பது?

8½ அடி என்பது ரோட்டோடு ஒத்துப்போகிற அளவு. இந்திய ரோடு காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பு 1983-ல் வகுத்த அளவில் வாகன அகலம் 2.5 மீட்டர்தான். வண்டி போகிற ஒரு வரிசைக்கு ரோட்டில் 3.5 மீட்டர் விடுகிறார்கள். இருவழி ரோடு என்றால் 7 மீட்டர், அதாவது 23 அடி.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஒழுங்கான இரண்டு லாரி எதிரும் புதிருமாக வந்தால் 17 அடி. மிச்சம் 6 அடி. பயமில்லை. பக்கத்துக்கு 2 அடி வைக்கோல் பிதுங்கிய இரண்டு லாரி வந்தால் 25 அடி. ரோடு 23 அடி, ஆசாமிகள் 25 அடி! யாராவது மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். மண் ஓரத்தில் போகிறவர்கள் யார்? சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் டவுன் பஸ்சுக்கு நிற்கிற ஜனங்களும்தான்.

பட்டணத்துக்காரர்கள் இதைக் கேட்டு சிரிக்க வேண்டாம். பீரோவையும் பிளைவுட்டையும் குறுக்கே வைத்துக் கட்டிக்கொண்டு சந்தில் நுழைகிற லோடு ஆட்டோவும் இதே கேஸ்தான்.

"வேற ஆளைப் பாத்துக்கறேன்"

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 194-வது பிரிவில் 1-ஏ என்று தனியாக ஒன்றைச் சேர்த்தார்கள். சரக்கு வண்டியின் பக்கவாட்டை விட்டு வெளியே நீட்டினால் 20 ஆயிரம் ரூபாய் அபராதம். இறக்கும் செலவு தனி. சரக்கைச் சரியாக அடுக்கும் வரை வண்டி அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

இதில் பலர் கவனிக்காத வரி ஒன்று உண்டு. ஓட்டியவர் மட்டும் குற்றவாளி அல்ல. ஓட்டச் செய்தவரும், ஓட்ட அனுமதித்தவரும் சேர்த்திதான்!

ஆனால் சோதனையில் கையில் அகப்படுகிறவர் யார்? டிரைவர். லாரி ஓனர் ஒரு ஊரில், வைக்கோல் வியாபாரி வேறு ஊரில். எவ்வளவு அடுக்குவது என்று வயலிலேயே முடிவாகிவிடுகிறது. "இவ்வளவு அகலம் வேணாம் முதலாளி" என்றால், "அப்ப நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்ற பதில் வரும். வாயைத் திறப்பாரா?

போலீசாரின் சங்கடமும் புரிகிறது. நடு ராத்திரியில் ஒரு லாரி வைக்கோலை இறக்கி எங்கே போடுவது? திரும்ப ஏற்ற ஆள் எங்கே? "ஓரமா பாத்துப் போ" என்று அனுப்பிவிடுவது சுலபம். அனுப்பிய பிறகு அந்த 2 அடி ரோட்டில்தான் போகிறது. சட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

அகலமான சரக்கே போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. திருச்சி பெல் தொழிற்சாலையின் ராட்சத பாய்லர் பாகங்களும், காற்றாலை எந்திரங்களும் 8½ அடிக்குள் அடங்குமா? அவை முன்கூட்டியே அனுமதி வாங்கி, சிவப்புக் கொடி கட்டி, மெதுவாக ஊர்கின்றன. 1-ஏ பிரிவும் அப்படி அனுமதி பெற்ற சரக்குக்கு விலக்குத் தருகிறது. வைக்கோல் மட்டும் கேட்காமல் கொள்ளாமல் போகிறது.

வண்டிக்குப் பின்னால் ஒரு மீட்டர் வரை கம்பி நீட்டிக்கொள்ளலாம் என்றும் முன்பு ஒரு சலுகை இருந்தது. கம்பி குத்திச் செத்தவர்கள் கணக்கு ஏறிக்கொண்டே போனதால் 2014-ல் அதை எடுத்துவிட்டார்கள். 'தொழில் நின்றுவிடும்' என்ற பேச்சு இப்போது வைக்கோலுக்கும் கேட்கிறது. ஆனால் வைக்கோலை இறுக்கிச் சுருட்டும் எந்திரம் டெல்டா வயல்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டு இறுகினால் அதே வண்டிக்குள் கூடுதல் சரக்கு அடங்கும். வேறு வழியே இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

எடையைப் பிடிக்க எடைமேடை வேண்டும். அகலத்துக்கு ஒரு டேப் போதும். டோல்கேட்டுகளில் ஓரமாக ஓர் அகலமான வழி விட்டிருப்பார்கள், பெரிய சரக்குகளுக்காக. பிதுங்கிய லாரி மற்ற வழிகளில் நுழைய முடியாமல் தானாகவே அந்த வழிக்குத்தான் போகும். அங்கே ராத்திரி ஒரு இன்ஸ்பெக்டர் நின்றால் டேப்கூட வேண்டாம். டிரைவரிடம் ஓனர் போன் நம்பரும் வியாபாரி போன் நம்பரும் இருக்கும். மூன்று பேர் பேரையும் ஒரே கேஸில் எழுதலாம்.